கனடா வீட்டில் இரண்டாவது மின்னடுப்புக்கு வயர் இழுப்பது பற்றி

தம்பி, ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் அப்பா அம்மாவுக்கென்று இரண்டாவது மின்னடுப்பு வைக்கப்போவதாகவும், யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு வயரிங் செய்த உங்கள் மச்சான் துணி உலர்த்தும் ட்ரையரின் இணைப்பிலிருந்தே அதற்கும் வயர் இழுத்துத் தருவதாகச் சொல்வதாகவும் எழுதி, அது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். சரிவராது. அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரில் கைக்குப் பழகிப்போன வழக்கம்தான் இங்கே ஆபத்து.

ஊரின் பழைய வயரிங்கில் சிவப்பு, மின்சாரம் வரும் உயிர்க்கம்பி (லைவ்); கறுப்பு, அது திரும்பும் நொதுமற்கம்பி (நியூட்ரல்). இங்கே மின்னடுப்புக்கு வரும் கேபிளில் கறுப்பும் சிவப்பும் இரண்டுமே உயிர்க்கம்பிகள்; வெள்ளைதான் நொதுமல், உறையில்லாத செப்புக்கம்பி புவிக்கம்பி (எர்த்). இரண்டு உயிர்க்கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ட்டும், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக்கும் இடையே 120 வோல்ட்டும் இருக்கும். அடுப்பின் சூடாக்கிகள் 240இலும், மணிக்கூடு, உள்விளக்கு போன்றவை 120இலும் இயங்குவதால்தான் அதன் சொக்கற்றில் நான்கு துளைகள் இருக்கின்றன. கறுப்புத்தானே என்று பழக்கத்தில் கைவைக்கும் ஒரு கணம் உயிரைப் பறித்துவிடும். பிறேக்கர் என்பது மின்னோட்டம் அளவுமீறினால் தானாக விழும் ஆளி; வீடு முழுவதற்குமான மெயின் பிறேக்கரை நிறுத்தினாலும், வெளியிலிருந்து அதற்கு வந்துசேரும் தடித்த கம்பிகளில் மின்சாரம் நிற்காது என்பதையும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ட்ரையரின் இணைப்பு வழக்கமாக 30 அம்பியருக்கு, பத்தாம் இலக்கச் செப்புக்கம்பியில் போடப்பட்டது. வீட்டு மின்னடுப்புக்குப் பொதுவாக 40 அம்பியர் பிறேக்கருடனும் எட்டாம் இலக்கச் செப்புக்கம்பியுடனும் தனி இணைப்பு வேண்டும். இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிக்கும். பிறேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 30ஐக் கழற்றி 40ஐப் போட்டுவிட்டால், கம்பி தாங்காத மின்னோட்டத்தைப் பிறேக்கர் தடுக்காமல் விட்டுவிடும். சுவருக்குள் அது சூடேறி உறை கருகுவது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. இப்படி நடந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் தம் வீட்டு மின்வேலையைத் தாமே செய்யலாம், ஆனால் ஈ.எஸ்.ஏ. எனப்படும் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். கூலிக்குச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரராக இருந்தே ஆகவேண்டும். தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்பதெல்லாம் இதில் எடுபடாது. உரிம இலக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பரிசோதகர் பார்ப்பதற்கு முன் சுவரை மூடவிடாதீர்கள். வேலை முடிந்ததும் வரும் சான்றிதழை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பை இப்போதே வாங்கிவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு 100 அம்பியர்தான் என்றால், மேல்மாடி அடுப்பு, ட்ரையர், ஏசி எல்லாவற்றோடும் இன்னோர் அடுப்பையும் அது தாங்குமா என்று அந்த ஒப்பந்தகாரர் முதலில் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.