குழந்தையின் கம்மிய அழுகைக்குக் கழுத்து ஸ்கேன் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம் ஆகிறது. இதயத்தருகே பிறந்த பின்னும் மூடாமல் இருந்த பி.டி.ஏ. ரத்தக்குழாயை அறுவை சிகிச்சை செய்து மூடினார்கள். அதன் பிறகு அழுதால் சத்தம் எழும்புவதில்லை. பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. தர்மபுரியில் பார்த்த மருத்துவர் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்காமல் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் மருத்துவர் சரியான திசையில்தான் யோசித்திருக்கிறார். இடப்பக்கக் குரல்நாணை இயக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியைச் சுற்றிக்கொண்டு, பி.டி.ஏ. ரத்தக்குழாயை ஒட்டியே மீண்டும் மேலேறுகிறது. அறுவை சிகிச்சையின்போது அந்த நரம்பு இழுபட்டாலோ அடிபட்டாலோ குரல்நாண் அசைவை இழக்கலாம். கம்மிய அழுகை, புரையேற்றம் இரண்டும் சேர்ந்து வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

குரல்நாண் அசைகிறதா என்பதை அறிய ஸ்கேன் நல்ல கருவி. கழுத்தின் முன்புறம் ஜெல் தடவிச் சிறிய கருவியை வைத்தால், இரு நாண்களும் விரிவதும் சேர்வதும் திரையில் அப்போதே தெரியும். மயக்க மருந்து தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. குழந்தை அழுதால் பதற வேண்டாம்; அந்த நேரத்தில்தான் அசைவு தெளிவாகப் புலப்படும். வயது ஏற ஏறக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து ஒலி அலைகளைத் தடுக்கும் என்பதால், பெரியவர்களைவிடக் குழந்தைகளிடமே இந்தப் பரிசோதனை எளிது.

ஆனால் காற்று நிறைந்த இடத்துக்குள் ஒலி அலைகள் ஊடுருவுவதில்லை. ஆகவே குரல்நாணின் மேற்பரப்பில் உள்ள சிறு வளர்ச்சி, அதற்குக் கீழே உள்ள குறுக்கம், மூச்சை இழுக்கும்போது குரல்வளையின் மேற்பகுதித் திசுமடிப்புகள் உள்ளே சரிவது ஆகியவற்றை இந்த ஸ்கேனைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. புளியங்கொட்டையோ நிலக்கடலையோ மூச்சுக்குழாயில் சிக்கியதாகச் சந்தேகம் வந்தாலும் (நம் மாவட்டத்தில் இது அபூர்வமன்று) இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

எனவே ஸ்கேனை எடுங்கள். அதற்காக மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய வளையும் குழாயைக் கொண்டு, குழந்தை விழித்திருக்கும்போதே ஓரிரு நிமிடங்களில் பார்த்துவிடுவார். இரண்டும் ஒரே முடிவைக் காட்டினால், அசைவு திரும்புகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதற்கு ஸ்கேனே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் அசைவு மீள்கிறது. மீளாத சிலருக்கு மறுபக்க நாண் ஓரளவு ஈடுகொடுக்கிறது. பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்பதற்கு விழுங்குதல் பரிசோதனை தனியாகத் தேவைப்படலாம்.

அதுவரை குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பால் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் பாலாடையில் உரைமருந்து ஊற்றுவதை அறவே தவிருங்கள். புரையேறும் குழந்தைக்கு அது ஆபத்து. உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்கவே முடியாமல் போனாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.