மல்டிமீட்டர் ஓரத்தில் பேட்டரிச் சின்னம்: வாசகர் கேள்விகள்

*விசைத்தறிக் கூடத்தில் ஒரு ஃபேஸில் 270 வோல்ட் காட்டுகிறது. ஈ.பி. ஆள் வைத்துப் பார்த்தால் 235தான். வோல்டேஜ், கரன்ட் அளக்கும் என் மல்டிமீட்டர் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பேட்டரிப் படம் தெரிகிறது. அதுதான் காரணமா? (அம்மாப்பேட்டை)*

பெரும்பாலும் அதுதான். 9 வோல்ட் பேட்டரி போடும் விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் 7106 வகைச் சிப் இருக்கும். அது தனக்குள் வைத்திருக்கும் ஒரு நிலையான வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைக் காட்டும். பேட்டரி சுமார் 7 வோல்டுக்குக் கீழே போனால் அந்த நிலையான வோல்டேஜும் இறங்கிவிடும். முழக்கோல் குட்டையானால் துணி நீளமாகத்தானே வரும்? பேட்டரி தீர்ந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வகையில் கூட்டித்தான் காட்டும்.

இன்னும் தீர்ந்துபோனால் ஏதேதோ எண் வரும். அதை நம்பி ஒயரில் கை வைக்காதீர்கள். லைன் ஆஃப்தானா என்று பார்க்கும்போது முதலில் கரன்ட் இருக்கும் ஒரு பிளக்கில் மீட்டரைச் சோதியுங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் அதே பிளக்கில். சின்னம் தெரிந்தால் அன்றே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

*புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட வரவில்லை. மீட்டர் பழுதா? (சூரமங்கலம், ஐ.டி.ஐ. மாணவர்)*

குமிழை ஆஃபுக்குத் திருப்பினீர்களா? மலிவு மீட்டர்கள் பலவும் தானாக அணையாது. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 400 மில்லி ஆம்பியர் மணி. மீட்டர் 1 மில்லி ஆம்பியர் எடுத்தாலும், ஆனிலேயே கிடந்தால் இரண்டு வாரத்தில் கதை முடிந்தது.

*ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த மீட்டர் ஆன் ஆகவில்லை. திறந்தால் பேட்டரி மாட்டும் கிளிப்பில் வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும்.*

பேட்டரி கசிந்திருக்கிறது, மலை ஈரம் மிச்சத்தைச் செய்திருக்கிறது. மூடியைத் திறக்கும் முன் இரண்டு புரோபையும் (தொட்டு அளக்கும் ஒயர்கள்) கழற்றிவிட வேண்டும், இது எப்போதுமே. கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுங்கள். அல்கலைன் கசிவு காரம், அதற்குப் பஞ்சில் தொட்ட வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். சாதாரண (ஜிங்க்-கார்பன்) பேட்டரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ் இந்த வேலைக்கு நல்ல ஆயுதம்.

கிளிப்பின் கறுப்பு, சிவப்பு ஒயரை லேசாக இழுத்துப் பாருங்கள். உறைக்குள் செம்பு கறுத்து அரித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, கிளிப்பையே மாற்றிப் பற்றவைக்க வேண்டும். விலை சொற்பம்தான். அடுத்த மழைக்குப் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.

*புது பேட்டரி போட்டும் திரை வெறுமையாக இருக்கிறது. ஃபியூஸ் போயிருக்குமா? (குகை)*

வாய்ப்புக் குறைவு. பொதுவாக அந்த ஃபியூஸ் ஆம்பியர் அளக்கும் வழிக்கு மட்டும்தான். அது போனாலும் திரையில் எண் தெரியும். பேட்டரி முனையில் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வெகுநாள் கிடந்த பேட்டரியாகவும் இருக்கலாம்.

*ரீசார்ஜபிள் பேட்டரி போடலாமா? (அஸ்தம்பட்டி)*

8.4 வோல்ட் என்று போட்டிருந்தால் போடலாம். 7.2 வோல்ட் வகை வேண்டாம். போட்ட கொஞ்ச நாளிலேயே அந்தச் சின்னம் வந்து நிற்கும்.