பொட்டாசியத்திலிருந்து தொடங்கும்மா

போன வாரம் உன் அப்பா போன் செய்தார். "மேடம், பொண்ணு நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்காம படிக்கிறா. மூணு நோட்டு முடிச்சுட்டா. அமெரிக்க நர்ஸ் பரீட்சைக்குத் தேதி போடும்மான்னா அழுவுறா. இன்னும் எத்தனை மாசம் படிக்கணும்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார். சனிக்கிழமை நீ அந்த மூன்று நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாய். புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, மூன்று நிறத்தில் அடிக்கோடு, இதய நோய்க்கு மட்டும் அறுபது பக்கத்துக்கு மேல். அத்தனை பக்கத்திலும் ஒரு நோயாளியைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுதாக எழுதுகிறேன். அப்பாவும் படிக்கட்டும்.

அன்று உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் உன் பொறுப்பில். ஒருவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு என்கிறார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ள இன்னொருவருக்கு ஆக்சிஜன் அளவு 90. சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டுக்கு முன் 210. நாலாவது ஆள் நேற்று தைராய்டு எடுத்தவர், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல் மரமரப்பாக இருக்கிறது என்கிறார். முதலில் யாரிடம் போவாய்?

நீ உடனே ஆக்சிஜன் 90 என்றாய். மூச்சுதானே முதல் என்று காரணமும் சொன்னாய். ஆனால் அந்த நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 வரை நாம் எதிர்பார்ப்பதே. அவர் அவருடைய வழக்கமான நிலையில் இருக்கிறார். தைராய்டு எடுத்தவரின் உதடு மரத்துப்போவது, பாராதைராய்டு சுரப்பி அடிபட்டுக் கால்சியம் இறங்குவதன் முதல் குறி. விட்டால் கை விரல்கள் இழுக்கும், குரல்வளை இறுகும், மூச்சே அடைபடும். மூச்சுதான் முதல் என்ற உன் விதி சரி. அந்த விதி எந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் தவறவிட்டாய். இதைச் சொன்னதும் நீ உன் நோட்டைத் திறந்து தைராய்டு பக்கத்தைக் காட்டினாய். "கால்சியம் குறையும், கவனிக்க" என்று அங்கே பச்சை மையில் எழுதித்தான் வைத்திருந்தாய்.

உனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்தது நோட்டில் ஒரு இடத்தில் கிடக்கிறது, கட்டில் வேறு இடத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்ப்பதுதான் உனக்கு மிச்சமிருக்கும் வேலை. நாலாவது நோட்டு போடாதே.

அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கு நீ எழுதப்போகும் என்கிளெக்ஸ் தேர்வும் இதைத்தான் சோதிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய முறையில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நீ சொல்லும் பதிலைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது. நீ தேறும் நிலைக்கு மேலே இருக்கிறாயா, கீழே இருக்கிறாயா என்று 95 சதவீத உறுதி கிடைத்ததும் தேர்வு நின்றுவிடும். 85-இல் நின்றாலே பாஸ் என்பதும், 150 வரை போனால் ஃபெயில் என்பதும் ஹாஸ்டல் கதைகள். இரண்டிலும் இரண்டும் நடக்கும். மதிப்பெண் பெறும் நோயாளிக் கதைகள் மூன்று வரும். ஒவ்வொன்றிலும் ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி. எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எது அவசரம், என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா என்று படிப்படியாகப் போகும். நீ தினமும் ஷிஃப்டில் செய்வதும் இதே வரிசைதான். செய்யும்போது அதற்குப் பெயர் வைத்துச் செய்வதில்லை, அவ்வளவே.

சரி, எப்படித் திருப்பிப் படிப்பது? உறுப்பு உறுப்பாகப் போகாதே. ஒரு இழையைப் பிடித்து, அது எந்தெந்தக் கட்டிலுக்குப் போகிறதோ அங்கெல்லாம் கூடவே போ. நான் எல்லோருக்கும் பொட்டாசியத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஒரு வெள்ளைத்தாளின் நடுவில், ரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவை, 3.5 முதல் 5.0 என்று எழுது. இப்போது உன் வார்டைக் கண்ணை மூடி நினை. இதயம் பலவீனமாகி, சிறுநீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைட் வாங்கும் தாத்தா. சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியே போகிறது. தசை தளரும், வயிறு உப்பும், இ.சி.ஜி.யில் டி அலை தட்டையாகும். அவரே இதயத்துக்கு டிகாக்ஸினும் சாப்பிடுகிறார் என்றால் பொட்டாசியம் குறையக் குறைய அந்த மருந்து விஷமாகும் வாய்ப்பு கூடும். குமட்டல், பசியின்மை, கண்ணில் மஞ்சளாகத் தெரிவது, நாடி இறங்குவது. ஆக, டிகாக்ஸின் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுதாக நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நாடி எண்ணுவதும் ரத்த முடிவில் பொட்டாசியத்தைப் பார்ப்பதும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கம்.

அடுத்த கட்டில், டயாலிசிஸ் தவறவிட்ட அண்ணன். அவருக்குத் தலைகீழ், பொட்டாசியம் கூடிப்போகிறது. டி அலை கூராக எழும்புகிறது. கால்சியம் குளுகோனேட் ஏன் கொடுக்கிறோம்? பொட்டாசியத்தைக் குறைக்க என்று நீ சொன்னால் தப்பு. அது இதயத்தைக் காக்கிறது, பொட்டாசியம் அதே அளவில்தான் இருக்கும். இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்தால் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும், உடம்பை விட்டுப் போகாது. போக வேண்டுமென்றால் டயாலிசிஸ் வேண்டும், அல்லது மலத்தோடு வெளியேற்றும் மருந்து வேண்டும். அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர் அன்போடு இளநீர் வாங்கி வந்திருப்பார். அதை ஏன் தடுக்கிறாய் என்று அவருக்குப் புரியும்படி சொல்வதும் பாடம்தான். அமெரிக்கத் தேர்வில் இளநீர் வருவது அரிது, அந்த இடத்தில் உப்புக்குப் பதிலாக விற்கும் மாற்று உப்பு வரும். அதிலும் பொட்டாசியம்தான்.

இன்சுலின் வந்துவிட்டதால் மூன்றாவது கட்டிலுக்குப் போ. சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிப்போய், கீட்டோ அசிடோசிஸில் வந்த கல்லூரிப் பையன். முதல் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் இயல்பாக இருக்கும், கூடியும் இருக்கும். இன்சுலின் சொட்டத் தொடங்கியதும் சரசரவென்று இறங்கும். அதனால்தான் மணிக்கணக்கில் அதையே கவனிக்கிறோம். அதை ஏற்ற வேண்டி வந்தால் சிறுநீர் போகிறதா என்று முதலில் பார்ப்பாய், பம்பில் மெதுவாகத்தான் விடுவாய். நரம்பில் நேராகத் தள்ளவே மாட்டாய். தள்ளினால் இதயம் நிற்கும்.

ஒரு தாள் முடிந்தது. சிறுநீரகம், இதயம், சர்க்கரை, நாலைந்து மருந்து, ஒரு இ.சி.ஜி., நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை எல்லாம் அதில் வந்துவிட்டன. நோட்டில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அத்தியாயம். இதே மாதிரி கால்சியத்துக்கு ஒரு தாள், மக்னீசியம் சல்ஃபேட்டுக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுக்கு ஒன்று. மக்னீசியம் தாளைப் பிரசவ வார்டில் தொடங்கு. வலிப்பு வராமலிருக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது. முழங்கால் அனிச்சை போய்விட்டதா, மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழா என்று பார்க்கிறாய். அப்படியென்றால் முதலில் மருந்தை நிறுத்து, பக்கத்தில் கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கட்டும். ஒரு மருந்தின் வேகத்தை முறிக்கும் முறிமருந்துகளை மனப்பாடப் பட்டியலாக ஓதாதே. ஹெப்பாரினுக்குப் புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்று ஒவ்வொன்றும் அதது தேவைப்படும் கட்டிலோடு சேர்ந்து நினைவுக்கு வர வேண்டும்.

இனி, வார்டு அனுபவம் உன்னைத் தப்பாக இழுக்கும் இடங்கள். இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர், முதுகு வலி. என்ன செய்வாய் என்றேன். "டாக்டருக்குச் சொல்வேன்" என்றாய். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் அப்படி வளர்ந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி. இதே மாதிரி ஒரு அம்மா நடுங்கியபோது நான் போனைத்தான் எடுத்தேன். சீனியர் சிஸ்டர் ஓடி வந்து குழாயை மூடினார். "முதல்ல நிறுத்து, அப்புறம் பேசு" என்றார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ரத்தத்தை நிறுத்து, புதுக் குழாயில் நார்மல் சேலைன் போடு, நாடி, அழுத்தம், வெப்பம் பார்த்துக்கொண்டே மருத்துவருக்குச் சொல், பையையும் குழாயையும் ரத்த வங்கிக்கு அனுப்பு. பிரசவத்துக்குப் பின் கருப்பை தொளதொளவென்று இருந்தால் முதலில் கை வைத்துத் தேய்ப்பது. பிரசவத்தில் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டால் கையுறைக் கையால் குழந்தையின் தலையைத் தூக்கிப் பிடிப்பது. உன் கையால் உடனே ஒன்று செய்ய முடியும் என்றால் அது முதல், போன் இரண்டாவது.

அங்கே வேலை பிரிப்பதும் வேறு. ஆர்.என். என்ற பதிவுபெற்ற நர்ஸ், அவருக்குக் கீழே எல்.பி.என். என்ற நர்ஸ், அதற்கும் கீழே உதவியாளர் என்று மூன்று படி. நம் வார்டில் ஆயாம்மாவும் நோயாளியின் சொந்தக்காரருமாகப் பாதி வேலையைத் தாங்குகிறார்கள். தேர்வில் சொந்தக்காரர் கணக்கில் இல்லை. நோயாளியை முதலில் மதிப்பிடுவது, அவருக்குக் கற்பிப்பது, சிகிச்சை பலித்ததா என்று முடிவு செய்வது மூன்றும் ஆர்.என். கையை விட்டுப் போகக் கூடாது. நிலைமை சீராக உள்ளவரின் குளியல், நடை, வெப்பம் பார்ப்பது, குடித்தது கழித்தது அளப்பது எல்லாம் உதவியாளருக்குக் கொடுக்கலாம். இந்தப் பராமரிப்பு நிர்வாகப் பகுதி மட்டும் 15 முதல் 21 சதவீதம், மருந்துப் பகுதி 13 முதல் 19. நம் பிள்ளைகள் இரண்டாவதில் மூழ்கி முதலாவதைத் தொடாமலே போகிறார்கள்.

இன்னொன்று மனசுக்குக் கஷ்டமானது. "அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கெஞ்சினால் நாம் தலையாட்டுவோம். அதில் அன்பு இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேர்வு எழுதும் ஐந்து மணி நேரமும் உடம்பு யாருடையதோ அவர்தான் கேட்பார், அவர்தான் முடிவெடுப்பார். தெளிவாக இருக்கும் நோயாளி வேண்டாமென்றால் மகள் எவ்வளவு அழுதாலும் வேண்டாம்தான். அதேபோல அங்கே எல்லாப் பொருளும் இருக்கும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை என்றால் தனி அறை, அறைக் காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்தம், என்-95 முகக்கவசம். கையுறை தீர்ந்துவிட்டது என்ற நம் கவலைக்கு அங்கே இடமில்லை. சி. டிஃபிசில் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு என்றால் கைக்கு சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

மருந்துப் பெயரில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நீ டோலோ, லாசிக்ஸ் என்று பிராண்ட் பெயரிலேயே வார்டு ஓட்டுகிறாய், தேர்வு பொதுப்பெயரில் வரும். பொதுப்பெயரிலும் அமெரிக்கப் பெயர் தனி: பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டு.

கேள்விப் பயிற்சிக்கு வருவோம். ஒரு நாளைக்கு 200 கேள்வி போட்டேன் என்று யாராவது வாட்ஸ்ஆப் குழுவில் பெருமைப்பட்டால் அதைப் பார்த்து நீ பதறாதே. டியூட்டி நாளில் 25 போதும், லீவு நாளில் 50, 60. ஆனால் ஒவ்வொன்றின் விளக்கத்தையும், சரியாகப் போட்டதாக இருந்தாலும், வாசி. தப்பானதுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுது: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, இரண்டில் எது முதல் என்று குழம்பினாயா. இரண்டு வாரம் கழித்து அந்த வரிகளை எண்ணிப் பார். உன் விஷயத்தில் மூன்றாவதுதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் புத்தகம் மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை. நைட் டியூட்டி முடிந்த காலையில் எதுவும் படிக்காதே. தூங்கு. அப்பா, அவள் தூங்கும்போது எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். வார்டில் நாலு வருஷம் இருந்த பெண்ணுக்கு, தாள் முறையில் படித்தால், மூன்று மாதத்துக்குள் தேதி போடலாம் என்பது என் கணிப்பு. முதல் முறை தவறினாலும் 45 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் அதற்கு மேல் 150. சின்னத் தொகை இல்லை, அதனால்தான் ஆறு மாதம் தள்ளிப் போடவும் வேண்டாம், அடுத்த வாரமே குதிக்கவும் வேண்டாம் என்கிறேன். ஆங்கிலத் தேர்வு தனி வேலை, அதை இதோடு ஒரே மாதத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

காகித வேலையை மட்டும் இன்றே தொடங்கு. கல்லூரியும் நர்சிங் கவுன்சிலும் சான்று அனுப்பி முடிக்க நாளாகும். உன் பெயரையும் சரிபார். சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. தேர்வுக்குப் பதியும் பெயர் நீ அன்று கையில் கொண்டுபோகும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு உனக்கு லீவு என்றாய். காலை பத்து மணிக்கு வா. நோட்டுகளை வீட்டிலேயே விட்டுவிடு, பொட்டாசியம் தாளும் கால்சியம் தாளும் மட்டும் போதும். இந்த வாரம் டியூட்டியில் நீ பார்த்த ஒரு நோயாளியையும் யோசித்துக்கொண்டு வா. பெயர் வேண்டாம், என்ன கண்டாய், முதலில் என்ன செய்தாய் என்று மட்டும் சொல். அங்கிருந்து தொடங்குவோம்.