525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தால் வாங்காதீர்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வானத்தின் மேல் பைத்தியம். பால்வீதியைப் படம் எடுக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். ஒன்று 18–55 லென்ஸோடு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் 525 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் ஒன்று பதினான்காயிரத்துக்கு வருகிறது. தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி வாங்கித் தருவதாக இன்னொருவர் ஐயாயிரம் கேட்கிறார். இரண்டையும் முடித்துவிடலாமா? உப்புக்காற்றில் எல்லாம் வீணாகிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். சபுரிலிருந்து (வெளிநாட்டிலிருந்து) மச்சான் அடுத்த மாதம் வருகிறார், அவரிடம் ஏதாவது சொல்லிவிட வேண்டுமா?"

டெலஸ்கோப்பும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். இரண்டு பேருக்கும் இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இப்போதைக்குச் செலவழிக்க வேண்டியது ஆடாத ஒரு ட்ரைபாடுக்கும், காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கும்தான்.

மகள் கேட்பது பால்வீதி. அது வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கிடக்கிறது. டெலஸ்கோப்புக்குள் முழு நிலாவும் அதன் சுற்றுப்புறமும் கொள்ளும், அவ்வளவுதான். அதை வைத்துப் பால்வீதி பார்ப்பது, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து ஏர்வாடிச் சந்தனக்கூடு பார்த்த கதையாகிவிடும். உங்கள் கேமராவில் இருக்கும் சாதாரண லென்ஸே அதற்குச் சரியான கருவி.

அந்த 525 எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தக் குழாயின் குவியத் தூரம் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர். கூட வரும் ஐபீஸ்களில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில், சின்னது 4 மில்லிமீட்டர். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. பெட்டியில் பார்லோ என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கும், மூன்று மடங்கு என்று அதில் எழுதியிருக்கும். 175ஐ மூன்றால் பெருக்குங்கள், 525. கணக்கு சரி, கண்ணாடிதான் சம்மதிக்காது. அந்தக் குழாயில் வெளிச்சத்தை வாங்கும் பெரிய கண்ணாடி 76 மில்லிமீட்டர் அகலம். எவ்வளவு நல்ல இரவானாலும் மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் தாங்கும், அதாவது 150 சொச்சம். அதற்கு மேல் போனால் வியாழன், பால் ஊற்றிய தண்ணீரில் விழுந்த பத்துப் பைசா மாதிரி கலங்கித் தெரியும். குழந்தை இரண்டு இரவு பார்க்கும். மூன்றாம் நாள் டெலஸ்கோப் பரணுக்குப் போகும், கூடவே ஆசையும் போய்விடும்.

கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்?" பதில் மடங்கில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 'தெரிந்தவர் மூலம்' என்பதற்கும் அர்த்தம் உண்டு. அதே பெட்டியை இணையத்தில் குறைந்த விலைக்கு எடுத்து, 'ஜெர்மன் லென்ஸ்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து விற்பார்கள். அந்த வார்த்தைக்குத்தான் கூடுதல் பணம்.

ஒரே ஒரு விலக்கு. அந்தப் பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, அல்லது முன்பணம் திரும்பாது என்றால், தூக்கி எறிய வேண்டாம். பார்லோவையும் 4 மில்லிமீட்டர் ஐபீஸையும் எடுத்து மகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 20 மில்லிமீட்டர் ஐபீஸை மட்டும் போடுங்கள். 35 மடங்கு வரும், அது போதும். நிலாவின் பள்ளங்கள் வரிவரியாகத் தெரியும். வியாழனின் நான்கு துணைக்கோள்கள் ஒரே கோட்டில் நிற்கும். சனி ஒரு முட்டை போலத் தெரியும். 12.5 மில்லிமீட்டருக்கு மாறினால் 56 மடங்கு, அதில் வளையம் பிரிந்து தெரியும். 2025இல் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக் காணாமல் போயிருந்தது, அதன் பிறகு மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது. டெலஸ்கோப்பின் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்து, நடுவில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மணலில் வைக்காதீர்கள், மொட்டை மாடித் தளத்தில் வையுங்கள். மேலே இருக்கும் சின்னக் குறிபார்க்கும் குழாயைப் பகலிலேயே சரிசெய்ய வேண்டும். கலங்கரை விளக்கத்தின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்து, அதே உச்சி சின்னக் குழாயிலும் நடுவில் தெரியும்வரை திருகுகளைத் திருப்புங்கள். தலைகீழாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் தெரியும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்பவருக்கு அந்த மட்டமான குழாயும் ஆறு மாதம் சோறு போடும்.

பெட்டிக்குள் கறுப்பாக ஒரு சிறு 'சன் ஃபில்டர்' இருந்தால் அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஐபீஸில் திருகும் அந்தச் சில்லு, குழாய் குவித்த மொத்த வெயிலையும் வாங்கிச் சூடாகி, கண் வைத்திருக்கும்போதே விரிசல் விடும். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்தின்போது ராமேஸ்வரம் பக்கம் ஒரு பையன் இதே சில்லைப் போட்டு நிற்பதைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடுங்கினேன். என் விரல் சுட்டது. 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் அடுத்த கங்கண கிரகணம் வருகிறது, அப்போதும் இந்தப் பெட்டிகள் விற்கும். சூரியனுக்கு வடிகட்டி குழாயின் முன்வாயை மூட வேண்டும், கண் பக்கத்தில் இல்லை.

சரி, அடுத்து அந்த ஐயாயிரம். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லைப் பகுதி, தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அங்கே இரவு தங்க வைப்பதாக ஒருவர் பணம் வாங்கினால், அவர் விற்பது அனுமதி இல்லை. சோதனைச் சாவடியில் உங்களை விட்டுவிட்டு ஓடும் தைரியத்தைத்தான் விற்கிறார். நேர்வழியிலும் முயன்று பார்த்தவன் நான். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே மூன்றாவதைக் காட்டினார்கள். நான்கு மாதம் கழித்து 'தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு தாள் வந்தது. உரிய அலுவலகம் எது என்று அந்தத் தாளில் இல்லை. பாதுகாப்புக்காக மறுத்தால் புரிந்துகொள்ளலாம். மறுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

படகில் கொண்டுபோய்த் தீவில் விடுகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, இரவில் அங்கே கால் வைத்தால் வனத்துறை வழக்குதான். நட்சத்திரம் காட்டும் பச்சை லேசரையும் வாங்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. வானத்தில் பச்சைக் கோடு இழுத்துவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தனுஷ்கோடிக்கு ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி. உங்கள் ஊர்க் கரை தெற்கே பார்த்திருக்கிறது, முன்னால் வெறும் கடல். தொண்டிக்காரருக்கும் தேவிபட்டினத்துக்காரருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை, அவர்கள் கரை கிழக்கே பார்க்கிறது. நாம் இருப்பது ஒன்பது டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே கடலுக்கு மேல் இருபது டிகிரி உயரத்தில் திரிசங்கு நிற்கும், தென்சிலுவை என்பதும் அதைத்தான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்து டிகிரி, கடலிலிருந்து இரண்டு முஷ்டி அளந்துகொள்ளுங்கள். டெல்லிக்காரருக்கு அது தொடுவானத்துக்கு மேல் ஒன்றரை டிகிரிகூட ஏறாது, புகையிலேயே போய்விடும். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு அகத்தியர் நட்சத்திரம் தெற்கே பளிச்சென்று நிற்கும். இதையெல்லாம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறுகிறார்கள். உங்கள் மகளுக்கு வீட்டு மாடிப்படி ஏறினால் போதும்.

ஊர் வெளிச்சம் அதிகமென்றால் மேற்கே வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் போங்கள். உப்பளங்களை ஒட்டிய இடங்களில் கண்ணுக்கெட்டியவரை மறைப்பே கிடையாது. போகுமுன் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை, ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் கறுப்புப் பையோடு கரையில் நிற்பவரை இந்தப் பக்கத்தில் யாரும் நட்சத்திரம் பார்க்க வந்தவர் என்று முதலில் நினைக்க மாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஊருக்குள்ளேயே நல்ல இருட்டு இருந்தது. இப்போது திரும்பின பக்கமெல்லாம் உயர்கோபுர விளக்கு, அதிலும் கொஞ்சம் வெளிச்சம் தரைக்கு, மிச்சமெல்லாம் மேகத்துக்கு. தொப்பி மாதிரி ஒரு மூடி போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு விளக்கு ஒதுக்கியிருப்பதாகப் பதில் வந்தது.

பால்வீதியின் பருத்த நடுப்பகுதி பிப்ரவரியில் விடியலுக்கு முன் எழும். ஜூனில் நடுநிசிக்கு உச்சிக்கு வரும். ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கே தயாராக நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம், கேமராவை டப்பாவில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

நிலா இல்லாத இரவு வேண்டும், ஆனால் அமாவாசையன்றே போகாதீர்கள். இதை வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரமும் சேதுக்கரையும் முந்தின இரவே வண்டிகளால் நிறைந்துவிடும், பேருந்துகளின் முன்விளக்கெல்லாம் உங்கள் படத்தில்தான் விழும். இரண்டு நாள் தள்ளிப் போங்கள். மூன்றாம் பிறை சீக்கிரமே மறைந்துவிடும்.

படம் எடுக்கும் விதம். காரணங்களை விட்டுவிடுகிறேன், எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸை 18இல் வையுங்கள். துளை எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 3200, நேரம் 15 விநாடி. கோப்பு 'ரா' வகை. நடுக்கம் தடுக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். கை படாமல் இருக்க இரண்டு விநாடி டைமர். 15 விநாடிக்கு மேல் வைத்தால் பூமி சுற்றுவதில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் அரிசியாக நீளும்.

எல்லோரும் கோட்டை விடுவது ஃபோகஸில். உங்கள் லென்ஸில் முடிவிலிக் குறி இருக்காது, ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் முன்னும் பின்னும் அலையும். மேனுவலுக்கு மாற்றி, பின்திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் அந்த வெள்ளைப் பொட்டு சுருங்கும். இன்னும் திருப்பினால் மறுபடி ஊதும். சுருங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் விடியும்வரை தொட வேண்டாம். இப்படி இருபது படம் எடுத்து சீக்வேட்டர், சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சல் அடங்கி பால்வீதி மேலே வரும். 'ஒரே கிளிக்கில் பால்வீதி' என்று விற்கும் ப்ரீசெட்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நட்சத்திரத்தோடு கூடவே கேமராவைச் சுழற்றும் டிராக்கர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். இப்போது வேண்டாம். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நமக்கு அது வடக்கே ஒன்பது டிகிரிதான், ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. கீழக்கரையில் வடக்கு என்றால் ஊர், பனைமரம், தெருவிளக்கு.

உப்புக்காற்றைப் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் வீணாக்குவது காற்றைவிட நம் கைதான். வாலிநோக்கத்தில் ஒரு தடவை லென்ஸில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். ஈரத்தில் இருந்தது உப்புத்தூள். விடிந்து பார்த்தால் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கீறல். அன்றிலிருந்து முதலில் ரப்பர் ஊதுகுழல், தேவையென்றால் மட்டும் லென்ஸ் திரவம், பிறகுதான் துணி. அலையிலிருந்து தள்ளி, மணல்மேட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஏ.சி. காரிலிருந்து கேமராவை எடுத்த உடனே வெளியே நீட்டினால் வியர்த்துவிடும், பையை மூடியபடியே அரைமணி வைத்துவிட்டுத் திறங்கள். பிறகு அந்தக் காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். டப்பாவுக்குப் பதில் தோல்பையிலேயே வைத்திருந்தால் லென்ஸுக்குள் சிலந்திக்கூடு மாதிரிப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் 18–55இலும் ஒருமுறை பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

மச்சானிடம் சொல்ல வேண்டியது 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ். இப்போதிருக்கும் லென்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும், நேரத்தை மட்டும் ஐந்து விநாடியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 'ஈ.எஃப். மவுண்ட்' என்று தாளில் எழுதியே அனுப்புங்கள். அங்கே கடைகளில் புதிதாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் ஆர்.எஃப்., அது உங்கள் பழைய கேமராவில் மாட்டாது.