மருமகனின் துவக்குக்கு ஒரு சைலன்சர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது மகளும் மருமகனும் நோர்வேயில் இருக்கிறார்கள். மருமகன் அங்கே வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்து, இரண்டு வருடங்களாக அவ்வூர்க்காரர்களோடு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போய் வருகிறார். அவரிடம் 6.5×55 ரகத் துவக்கொன்று இருக்கிறது. அடுத்த வருடம் பொயின்ட் 308 ஒன்றும் வாங்கும் எண்ணம். இப்போது சைலன்சர் பூட்டப் போகிறாராம். இது முதல்முறை என்பதால் எதை வாங்குவதென்று தடுமாறுகிறார். நீங்கள் அந்த நாட்டில் நெடுங்காலம் வேட்டைக்குப் போனவர் என்பதால் உங்களிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னார். எனக்கோ சைலன்சர் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. நல்ல மனிதனுக்கு அது எதற்கு?
– ஓய்வுபெற்ற விவசாயி, வெல்லாவெளி

பதில்: ஐயா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பின் படுவான்கரையில் அந்தப் போர்க் காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் துவக்குச் சத்தமும் பயம், சத்தமில்லாத துவக்கு அதைவிடப் பயம். நோர்வேயிலோ அதே பொருள் வேட்டைக் கடையில் சப்பாத்துக்கும் மழைக்கோட்டுக்கும் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. துவக்குக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும்; அதன் வாயில் பூட்டும் ஒலி அடக்கிக்குத் தனி அனுமதி தேவையில்லை. தன் காதுக்கும், கூடவே ஓடும் நாயின் காதுக்கும், காட்டோரம் குடியிருப்பவரின் நித்திரைக்கும் செய்கிற உபகாரமாகவே அங்குள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள். அதற்கு 1909 இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பேர்சி மக்சிம் என்ற அமெரிக்கர், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துத் தன் செவிப்புலனை அந்தச் சத்தத்துக்கே பறிகொடுத்த ஹைரம் மக்சிமின் மகன் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சன்னத்துக்குப் பின்னால் சீறிக் கிளம்பும் சூடான வாயுவை, வரிசையாக அடுக்கிய தடுப்புத் தகடுகளுக்கிடையே விரியவும் ஆறவும் விட்டு மெதுவாக வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் சைலன்சர் செய்வதும் அதுவே.

இனி மருமகனுக்கு. கடைக்குப் போனதும் விற்பவர் பெட்டியில் அச்சிட்ட டெசிபல் எண்ணைத்தான் முதலில் காட்டுவார். அந்த எண்ணை வைத்துத் தெரிவு செய்ய வேண்டாம் என்பதே எனது முதல் ஆலோசனை. வேட்டைத் துவக்கொன்றின் வெடிச் சத்தம் ஏறத்தாழ 160 முதல் 170 டெசிபல் வரை இருக்கும். நல்ல அடக்கி அதிலிருந்து 20 முதல் 30 வரை குறைக்கும். திடீர் வெடிச் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 140 டெசிபல் என்பதால், எந்த அடக்கியை வாங்கினாலும் அவர் நிற்கப்போவது அந்த எல்லைக்கு அருகில்தான். மைக்கைக் குழல் வாயருகே வைத்து அளந்தார்களா, சுடுபவரின் காதருகே வைத்து அளந்தார்களா, எந்தத் தோட்டாவை எவ்வளவு நீளமான குழலில் சுட்டார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறுமாதலால், இரண்டு கம்பனிகளின் பெட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயனுமில்லை. எதைப் பூட்டினாலும் காது மூடியை அவர் கழற்றக் கூடாது. சத்தத்தை மட்டும் தடுத்துப் பேச்சை உள்ளே விடும் இலத்திரனியல் காது மூடி அங்கே வேட்டைக் குழுக்களில் சாதாரணமாகப் பாவனையில் இருக்கிறது. குழுத் தலைவரின் வானொலிக் குரலும் அதற்குள்ளேயே கேட்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, அவரிடமுள்ள துவக்கின் குழல் முனையில் அடக்கியைத் திருகிப் பூட்டும் மரை வெட்டப்பட்டிருக்கிறதா, வெட்டப்பட்டிருந்தால் அது எந்த அளவு என்பதை. ஐரோப்பாவில் எம் 14×1, எம் 15×1, எம் 18×1 ஆகியவை அதிகம் காணப்படுபவை (முதல் எண் விட்டம், இரண்டாவது மரையின் இடைவெளி, இரண்டும் மில்லிமீற்றரில்); அமெரிக்கத் துவக்குகளில் அங்குல அளவு வரும். மரை இல்லாவிட்டால் துவக்குத் திருத்துநரிடம் கொடுத்து வெட்டுவிக்க வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பது மகா பிழை. மரை குழலின் உள்துளைக்கு மயிரிழை சரிந்திருந்தாலும், அடக்கியின் மறுமுனைக்குப் போகும்போது அந்தச் சரிவு பெரிதாகி, சன்னம் தகட்டில் உரசும். உரசினால் அடக்கி பிளந்துபோகலாம். பூட்டிய பின்னர், தோட்டா இல்லாத வெறுந் துவக்கில், நேரான அளவுக் கம்பியொன்றைக் குழலுக்குள் செலுத்தி, அது அடக்கியின் வாய்த் துளைக்கு நடுவில் வந்து நிற்கிறதா என்று அந்தத் திருத்துநரையே பார்க்கச் சொன்னால் மனம் ஆறும்.

அடுத்தது வடிவம். ஒருவகை குழலின் வாய்க்கு முன்னால் முழு நீளத்துக்கும் நீட்டிக்கொண்டு நிற்கும். மற்றொரு வகையின் பின்பாதி குழலின் மேலேயே பின்னோக்கி உறைபோல் ஏறிவிடும். எல்க் காட்டில் முதலாவது அடக்கியாக நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே. துவக்கின் நீளம் அதிகம் கூடாது, முன்பாரம் குறைவு, பேர்ச் மரக்கிளைகளுக்குள் நுழையும்போது முனை மாட்டாது. அதற்கும் ஒரு விலை உண்டு: குழல் மிகவும் தடிப்பாக இருந்தால் உறை ஏறாது, குழல்மேல் முன்குறி இருந்தால் அது வழிமறிக்கும், ஈரம் உறைக்கும் குழலுக்கும் இடையில் தங்கிவிடும். ஆகவே வாங்குமுன் குழலின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போகட்டும்.

இரண்டு துவக்குகளுக்கும் ஒரே அடக்கி போதுமா என்று அவர் கட்டாயம் யோசித்திருப்பார். போதும், ஆனால் பெரிய சன்னத்துக்கு, அதாவது 308 க்கு, ஏற்றதாக வாங்க வேண்டும். 308 க்குரிய அடக்கியை 6.5 இல் பூட்டினால் சத்தம் சிறிது கூடக் கேட்கும், அவ்வளவுதான். 6.5 க்கு மட்டும் உரியதை 308 இல் பூட்டினால் சன்னம் போக வழியிராது. இரண்டு துவக்குகளின் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், இரண்டாவது துவக்கை வாங்கும் நாளில் அதையும் கவனிக்கட்டும். தயாரிப்பாளர் எந்தத் தோட்டாவரை, எவ்வளவு குட்டைக் குழல்வரை அனுமதிக்கிறார் என்று கையேட்டில் எழுதியிருப்பார். குழல் குட்டையாகக் குட்டையாக வாயில் அழுத்தம் கூடி, முதல் தகடு வேகமாகத் தேயும்.

உலோகத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்கத் தேவையில்லை. அலுமினியம் இலேசு, மலிவு. ஒரு வேட்டை நாளில் இரண்டு மூன்று வெடி வைப்பவருக்கு அது தாராளம். ஆனால் தொடர்ந்து சுட்டுச் சூடேற்றினால் அரிபடும். உருக்கு நீடித்து உழைக்கும், பாரம் கூட. டைட்டேனியம் இரண்டின் நற்குணமும் கொண்டது, விலை கையைக் கடிக்கும். மருமகன் வருடந்தோறும் சுடுதற் பரீட்சைக்கு முப்பது வெடி பயிற்சியாகச் சுட வேண்டியிருப்பதால், தகடுகள் உருக்கிலும் உறை அலுமினியத்திலும் அமைந்த ஒன்றையே நான் எடுப்பேன்.

பாரத்தை மட்டும் கடையிலேயே கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நானூறு கிராம் காகிதத்தில் ஒன்றுமில்லை. துவக்கின் நுனியில், கை விறைக்கும் குளிரில், ஆறு மணித்தியாலம் நின்ற இடத்தில் நின்றவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

எனது சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கி வாங்கிய முதல் வருடம், நூறு மீற்றர் பரீட்சையில் ஐந்து வெடியில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. நாலாவது இலக்கின் ஓரத்துக்கு ஓடியது. மூச்சைப் பிடித்ததில் பிழை, விசையை இழுத்ததில் பிழை என்று நான் என்னையே நொந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்ற முதியவர் ஒன்றும் பேசாமல் கையுறையோடு அடக்கியைப் பிடித்துத் திருகினார். அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஐந்து வெடிக்கும் ஒருமுறை, துவக்கைப் பாதுகாப்பாக்கிவிட்டு, அதைத் தொட்டுப் பார்ப்பது எனக்குக் கைப்பழக்கம். அடக்கி பூட்டினால் சன்னம் விழும் இடம் சற்று மாறும் என்பதால், பூட்டிய நிலையிலேயே குறியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு வேட்டைக்குப் போகக் கூடாது. இன்னொன்று, தொடர்ந்து சுட்டால் சூடான அடக்கியிலிருந்து எழும் வெப்பக் காற்று துவக்கின் தூரநோக்கிக்கு முன்னால் அலையலையாக ஆடும், சித்திரை வெயிலில் நம் வயல் வரம்பின்மேல் கானல் ஆடுவதைப்போல. இலக்கு நீருக்குள் கிடப்பதாகத் தோன்றும். அப்போது சற்றுப் பொறுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து, உலரவிடச் சொல்லுங்கள். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்த உலோகம் வியர்க்கும். அந்த ஈரமும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்தால் குழலின் வாய் ஒரே இரவில் துருவேறத் தொடங்கும்.

கேள்வி: படங்களில் சைலன்சர் பூட்டிய துவக்கு இருமுவதைப்போலச் சத்தம் போடுகிறதே, பக்கத்து அறையில் இருப்பவருக்கும் கேட்காதா?
– மாணவர், காரைதீவு

பதில்: கேட்கும், தம்பி. அடக்கி தடுப்பது குழல் வாயில் எழும் வெடியை மட்டுமே. ஒலி காற்றில் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகிறது. வேட்டைச் சன்னம் 800 மீற்றருக்கும் மேல் போகிறது. ஒலியை முந்திக்கொண்டு பறக்கும் சன்னம், தான் போகும் வழியெல்லாம் சாட்டையடி போன்ற ஒரு வெடிப்பைத் தானே எழுப்பிச் செல்லும். வாயில் பூட்டிய எந்தக் குழலாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. படக்காரருக்குக் கதைதான் முக்கியம்.

கேள்வி: என்னிடம் பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் சொட்கன் ஒன்று உண்டு. பன்றிக்கு ஒரு வெடி வைத்தால் மற்றவை கலைந்து மறுநாள் வருகின்றன. இதற்குச் சைலன்சர் செய்து தரலாம் என்று வெல்டிங் கடை வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– விவசாயி, திருக்கோவில்

பதில்: வேண்டாம். நமது நாட்டில் துவக்குகளை ஆளுவது 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். உங்கள் பத்திரம் அதில் எழுதப்பட்ட அந்த ஒரு துவக்குக்கு, அந்த ஒரு நோக்கத்துக்குத் தரப்பட்டது. அதை மாற்றி அமைக்க அது உங்களுக்கு இடம் தரவில்லை. பிடிபட்டால் துவக்கு மட்டுமல்ல, நீங்களும் நண்பரும் சேர்ந்தே போக நேரிடும். சட்டத்தை விட்டாலும் கையைப் பாருங்கள்: மேலே வெல்லாவெளி ஐயாவுக்கு மயிரிழைச் சரிவைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதை வெல்டிங் கடையில் கண்மட்டத்தில் செய்தால் என்ன நடக்கும் என்பதை, இடியன் துவக்கு வெடித்து விரல் போனவர்களைக் கண்ட நம்மூரில் விளக்கத் தேவையில்லை. தவிர, பயிர்க் காவலுக்குச் சத்தம் பகையல்ல. பன்றியும் யானையும் வயலை விட்டு விலகுவதே உங்களுக்கு வேண்டியது. அதைப் பாதி செய்வது அந்தச் சத்தம்தான்.

கேள்வி: நோர்வேயில் இருக்கும் அண்ணன் ஒன்று வாங்கி, கனடாவில் வேட்டைக்குப் போகும் தம்பிக்கு அனுப்பலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: அனுப்பக் கூடாது. கனடாவில் அது தடைசெய்யப்பட்ட சாதனம். அமெரிக்காவில் 1934 முதல் பதிவும் 200 டொலர் வரியும் இருந்தன. 2026 தொடக்கத்தில் வரி பூச்சியமாகியது, பதிவு அப்படியே இருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. கட்டுநாயக்காவுக்குப் பொதியில் வைத்துக் கொண்டுவரும் யோசனை யாருக்காவது இருந்தால் அதையும் கைவிடட்டும்.

கேள்வி: எனது கணவர் இருபது வருடமாக வயலில் காவல் இருக்கிறார். துவக்கும் யானை வெடியும் பாவிப்பார். இப்போது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதேயில்லை. இரவில் காதுக்குள் சில்வண்டு இரைகிறது என்கிறார். ஏதாவது செய்யலாமா?
– குடும்பத்தலைவி, களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, என் தகப்பனாரும் இதே நிலையில் இருந்தவர், சாப்பாட்டு நேரம் நாங்கள் அவருடைய வலப்பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போடுவோம். வலது தோளில் துவக்கை வைத்துச் சுடுபவருக்குத் தலை திரும்பியிருப்பதால் இடது காதே குழல் வாய்க்கு நேராக நிற்கிறது. ஆகவே அதுதான் முதலில் போகும். உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. போனதை மீட்க முடியாவிட்டாலும் இருப்பதைக் காக்கலாம், கேட்கும் கருவி பயன்படுமா என்றும் அறியலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போய்ச் செவிப்புலனை அளந்து பாருங்கள். அதுவரை காவலுக்குப் போகும்போது காதடைப்பான் இல்லாமல் விடாதீர்கள். பஞ்சைத் திணிப்பது போதாது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது ஊதி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் அவருடைய குரலே அவருக்குக் குடத்துக்குள் பேசுவதைப்போலக் கேட்கும்.