அக்ராவில் புள்ளியியல் வேலை: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி,

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் டேட்டா வேலை பார்க்கும் உங்களுக்கு கானாவின் தலைநகர் அக்ராவில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது, அந்த நாட்டின் புள்ளிவிவரங்களைச் சீராக்கும் ஒரு திட்டத்தில். "ஆப்பிரிக்காவில் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது என்கிறார்களே அக்கா, அங்கே வந்து நான் என்ன செய்ய? ஊர் எப்படி, சாப்பாடு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரும் சாப்பாடும் சுலபம், கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விதான் பதினான்கு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது.

"நம்ப முடியாது" என்பதை விமானத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கானா 2021-இல், கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பை டேப்லெட்டில் எடுத்து முடித்தது. ஜூன் 27-ஆம் தேதி இரவுதான் கணக்கு. செப்டம்பரிலேயே முதல் முடிவு வந்துவிட்டது: 3 கோடியே 8 லட்சம் பேர். நம் நாட்டில் கடைசியாக எண்ணியது 2011-இல். 2021-இல் நடக்க வேண்டியதை 2027-க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கே அலுவலகத்தில் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள். பதில் சொல்ல முடியாமல் டீ குடிப்பேன்.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. 2010 நவம்பரில் கானாவின் பொருளாதாரம் ஒரே நாளில் சுமார் 60 சதவீதம் பெரிதானது. ஒரு பெட்டிக்கடைகூடப் புதிதாகத் திறக்கவில்லை. அதுவரை 1993-ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கும் ஆண்டாக வைத்துக் கணக்குப் போட்டவர்கள், அதை 2006-க்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். இடையில் முளைத்த செல்போன், வங்கி, சேவைத் தொழில்கள் எல்லாம் பழைய கணக்கில் ஓரத்தில் கிடந்தன. நைஜீரியாவின் கதை இன்னும் பெரிது. 2014-இல் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு நகர்த்தியதும் பொருளாதாரம் 89 சதவீதம் வீங்கி, தென்னாப்பிரிக்காவை முந்திக் கண்டத்திலேயே முதலிடம் என்றாகிவிட்டது. மறுநாள் காலை லாகோஸில் யாருடைய பையிலும் காசு கூடியிருக்கவில்லை.

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 2010-இன் அந்தப் புதுக் கணக்குக்குப் பிறகு கானா கீழ்நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் ஏறியது. ஏழை நாடு என்ற பெயரில் கிடைக்கும் சலுகைக் கடன் அப்புறம் மெல்ல மெல்லக் குறையும். ஓர் அட்டவணையின் அடிப்படை ஆண்டுக்கு அவ்வளவு கனம். சரி, ஏன் அத்தனை வருடம் மாற்றாமல் விட்டார்கள்? மாற்ற வேண்டுமென்றால் கடை கடையாக, வீடு வீடாகப் புதிதாக விசாரிக்க வேண்டும். அதற்குக் காசும் ஆளும் வேண்டும். 1984-க்கு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2000-இல்தான் நடந்தது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நீங்கள் பைத்தானும் டேஷ்போர்டும் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் முதல் மூன்று மாதம் கணக்கெடுப்பாளர்களோடு களத்துக்குப் போங்கள். கெஞ்சியாவது போங்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் தெரியாத விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

'குடும்பம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இருந்து ஒரே உலைச் சோறு தின்கிறவர்கள் ஒரு குடும்பம், ஏறக்குறைய இதுதான் கணக்கெடுப்பின் வரையறை. நமக்குப் பழகிய கணக்குத்தான். ஆனால் பழைய அக்ராவில், ஜேம்ஸ் டவுன் பக்கம், கா என்ற இனத்து மக்களிடையே கணவன் ஆண்கள் இருக்கும் வீட்டிலும் மனைவி தன் தாய்வழிப் பெண்களோடு வேறொரு வீட்டிலும் இருப்பது பழைய வழக்கம். சாயங்காலம் மனைவி வீட்டிலிருந்து கணவனுக்குச் சாப்பாடு போகும். உலை ஒன்று, கூரை இரண்டு. இந்தக் கணவனை எந்த வீட்டில் எழுதுவது? இரண்டிலும் எழுதினால் ஓர் ஆள் கூடிவிடும், இரண்டிலும் விட்டால் ஓர் ஆள் காணாமல் போய்விடும். இதைத் தீர்ப்பது மென்பொருள் இல்லை. நடு முற்றத்தில் நின்று பொறுமையாகக் கேள்வி கேட்கிற, அந்த மொழி தெரிந்த ஒரு பிள்ளை.

அப்புறம் வயது. இங்கே அகான் என்ற இனத்து மக்களுக்குப் பிறந்த கிழமைதான் பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா. ஆகவே எந்தக் கிழமை பிறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வருடம் என்பது வயதானவர்கள் பலருக்குத் தெரியாது. முதல் அதிபர் குவாமே நிக்ருமா சனிக்கிழமை பிறந்தவர் என்பதைப் பெயரே சொல்லும். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் 1909 என்று எழுதிவைத்தார், அவருடைய அம்மாவோ கரைதட்டி உடைந்த ஒரு கப்பலை நினைவில் வைத்து 1912 என்று கணக்குச் சொன்னார். இன்றும் களத்தில் அந்த அம்மாவின் வழிதான். 1939 அக்ரா நிலநடுக்கத்தின்போது நடக்கத் தெரியுமா? 1957-இல் சுதந்திரம் வந்தபோது பள்ளிக்கூடம் போனீர்களா? நைஜீரியாவிலிருந்து கானாக்காரர்களைத் துரத்திவிட்ட, மழை பொய்த்துப் பஞ்சம் வந்த 1983-இல் எத்தனை குழந்தைகள்? நம் பாட்டிமார் "தாது வருசத்துல" என்று ஆரம்பிப்பார்களே, அதேதான். இப்படிக் கேட்காமல் விட்டால் எல்லோரும் 50, 60, 70 என்று பூஜ்யத்தில் முடிகிற எண்ணில் வந்து நிற்பார்கள். வயது வரைபடத்தில் அந்த இடங்கள் கோபுரம் மாதிரி எழும். முதல் முறை பார்த்தபோது என் நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன்.

விலைவாசியும் அப்படித்தான். அக்ராவின் மக்கோலா சந்தையில் சோளத்தை ஒலோங்கா என்ற தகரப் பாத்திரத்தில் அளந்து போடுவார்கள். தக்காளியைக் குவியல் குவியலாக வைத்திருப்பார்கள், நம் ஊர்ச் சந்தையில் கூறு கட்டி விற்பதைப் போல. கூறின் விலை மாறாது, கூறு சிறுத்துக்கொண்டே போகும். விலையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பணவீக்கம் பூஜ்யம். ஒழுங்காக வேலை செய்பவர் வாங்கி, எடைபோட்டு, அப்புறம் எழுதுவார். கென்கி என்ற சோள உருண்டை வருடா வருடம் இளைத்துக்கொண்டே வருவதை இங்கே எல்லோருமே சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு நின்ற வருடம் 2022. டிசம்பரில் பணவீக்கம் 54.1 சதவீதம். இதைச் சொன்னது எதிர்க்கட்சி இல்லை, அரசின் சொந்தப் புள்ளியியல் அலுவலகம். அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐஎம்எஃப்) கடனுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், எண் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் மாதம் தவறாமல் வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் புள்ளியியல் அமைப்பு வலுவாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்ப்பேன், டேப்லெட் எத்தனை என்று அல்ல. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. தான்சானியாவில் 2018-இல் சட்டத்தைத் திருத்தி, அரசின் எண்ணை மறுக்கும் புள்ளிவிவரத்தை வெளியிடுவதே குற்றம் என்றார்கள். உலக வங்கி உட்படப் பலரும் எதிர்த்த பிறகு 2019-இல் மாற்றினார்கள். நைஜீரியாவில் 1973-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கையே ரத்து செய்தார்கள், 2006-இல் எடுத்ததை லாகோஸ் மாநிலம் ஏற்கவில்லை, அதற்குப் பிறகு எண்ணவே இல்லை. தலைக்கணக்கை வைத்துத்தான் மத்திய அரசின் பணம் பங்காகிறது என்றால் எந்த மாநிலம் குறைந்த எண்ணை ஒத்துக்கொள்ளும்?

இனி என் சொந்தக் கதை. வந்த மூன்றாம் வருடம், ஓர் அமைச்சகத்துக்காக ஒரு திட்டத்தில் அழகான டேஷ்போர்டு ஒன்று செய்தேன். மாவட்டத்தைத் தொட்டால் நிறம் மாறும். திறப்பு விழா, நாடா வெட்டல், புகைப்படம் எல்லாம் ஆயிற்று. ஒன்றரை வருடத்தில் திட்டத்தின் பணம் தீர்ந்தது, சர்வர் கட்டணம் கட்ட ஆளில்லை, கடவுச்சொல் என்னிடம், நான் அடுத்த திட்டத்தில். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, அந்தப் பிரிவில் இருந்த இளைஞர் அதே எண்களைத் தன் எக்செல் கோப்பில் மாதாமாதம் ஏற்றிவந்ததைக் காட்டினார். என்னுடையது ஓடிய நாட்களிலும் அவர் அதை நிறுத்தவில்லையாம். "எப்படியும் நீங்கள் போய்விடுவீர்கள் என்று தெரியும், மேடம்" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, சிஎஸ்ப்ரோ, சர்வே சொல்யூஷன்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருள்களைக் கற்றுக்கொண்டு வாருங்கள். இரண்டும் இலவசம், இங்குள்ளவர்கள் கைக்குப் பழகியவை, நீங்கள் போன பிறகும் ஓடும். இன்னொன்று, உங்களோடு வேலை செய்யும் உள்ளூர் ஆள் யார் என்று முதல் வாரமே கேளுங்கள். 'நியமிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் உஷார். திறமையான பிள்ளைகளை அரசு அலுவலகம் பயிற்றுவிக்கும், திட்டங்களும் வங்கிகளும் இரட்டிப்புச் சம்பளம் கொடுத்துக் கொண்டுபோகும். அந்தத் திட்டங்களில் ஒன்றில்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன், மறைப்பானேன்.

வெளிப்பணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2025-இல் பார்த்தோம். உலகம் முழுக்கத் தாய் சேய் நலம் பற்றிக் கணக்கு எடுத்துவந்த டிஎச்எஸ் ஆய்வுகளுக்கு அமெரிக்கா பணத்தை நிறுத்தியது. கானாவில் 1988-லிருந்து நடந்துவந்த ஆய்வு அது. ஆப்பிரிக்கப் புள்ளியியல் சாசனம் 2009-லேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, கானா 2019-இல் புதுச் சட்டமும் போட்டது. காகிதத்தில் குறை ஒன்றுமில்லை. பட்ஜெட்டில் புள்ளியியலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதே இனி கேள்வி.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எப்போதாவது எங்கள் அலுவலகம் வருவார். கல்கத்தாவின் பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையத்தில் படித்தவர். அங்கே 1950-லிருந்தே ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்கள் படிக்கிறார்கள். இந்தியர் என்று தெரிந்தால் உங்களைப் பிடித்து உட்காரவைத்துக் கல்கத்தா மழையைப் பற்றிப் பேசுவார். அவசரப்படாமல் கேளுங்கள்.

இப்போது ஊர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம், நம் ஊருக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, ஆனால் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வீடு உண்டா என்று இப்போதே பேசிவிடுங்கள். அரிசிக்குப் பஞ்சமில்லை. வாச்சே என்று அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்தது காலையில் இலையில் மடித்துக் கிடைக்கும், உங்களுக்குப் பிடிக்கும். புளியும் உளுந்தும் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று தூசியோடு வரும், உதடு வெடிக்கும். இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள், அது நமக்கே தெரிந்ததுதான். கிராமத்துக்குக் களப்பணி போனால் முதலில் ஊர்த்தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். சனிக்கிழமைகளில் ஊரே துக்க வீட்டில் இருக்கும், அன்றைக்குக் கணக்கெடுக்கப் போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் பிறந்த கிழமையை அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முதல் நாளே அதைக் கேட்டு உங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.