தாயை இழந்த குட்டிக்கு மூளையே மாறிவிடுமா?

கேள்வி: பத்து நாள் வயதில் தாயை இழந்த நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறேன். இப்போது ஒரு வயது. சின்னச் சத்தம் கேட்டாலும் அரை மணி நேரம் நடுங்குகிறது. குட்டிப் பருவத்துப் பாதிப்பு மூளையையே மாற்றிவிடுமா?

மாற்றும். ஆனால் எதை மாற்றுகிறது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒரு ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். குட்டி போட்ட எலி முதுகை வில்லாக வளைத்து நின்று பால் கொடுக்கும். இடையில் ஒவ்வொரு குட்டியாகப் புரட்டி வயிற்றை நக்கிவிடும். சில தாய்கள் ஓயாமல் நக்கும், சில ஏதோ பேருக்கு நக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் கனடாவின் மொன்றியலில் மைக்கேல் மீனி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997இல் எடுத்துச் சொன்னார்கள்: நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு பயத்திலிருந்து சீக்கிரம் மீள்கின்றன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் விட்டால் அதுவும் அப்படியே அமைதியாக வளர்கிறது.

காரணம் மூளையில் இருக்கும் ஒரு பிரேக். ஆபத்து என்றதும் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும், அது சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியை முடுக்கும், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அந்த ஹார்மோனே மூளைக்குத் திரும்பி வந்து நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டும்போதுதான் 'போதும்' என்ற உத்தரவு போகிறது. தாய் குறைவாக நக்கிய எலிகளில் அந்த ஏற்பிகள் குறைவு. ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்குகள் ஒட்டி அதை அடக்கி வைக்கின்றன என்று 2004இல் அதே குழு காட்டியது. உங்கள் குட்டி பயப்படுவதைவிட, பயம் அடங்க நேரமாவதுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

என்னை அதிகம் பாதித்தது இன்னொரு சோதனை. எலிக்குட்டிகள் பிறந்து இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம், கூடு கட்டப் போதாத அளவு காகிதத் துண்டு மட்டும் கொடுப்பார்கள். தாய் குட்டிகளை விட்டுப் போய்விடாது. ஆனால் நிலைகொள்ளாமல் எழுந்து போவதும் வருவதுமாகத் தவிக்கும். அந்தக் குட்டிகளுக்கு நடுவயதில் நினைவாற்றல் குறைகிறது, ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. பாசம் குறைந்ததை விட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் குட்டியை வாட்டுகிறது.

சரி, இது திரும்பாதா? தாயைப் பிரித்து வளர்த்த எலிகளை இளமையில் பெரிய கூண்டில், விளையாட்டுப் பொருட்களும் கூட்டாளிகளுமாக விட்டபோது அவற்றின் ஸ்ட்ரெஸ் எதிர்வினை தணிந்திருக்கிறது. எலிக்கு நடந்தது நாய்க்கும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வேன். மிரளும்போது இழுத்துப் பிடிக்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம், அந்த அரை மணி நேரம் இருபது நிமிடமாகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.